கையடக்க ஜிபிஎஸ் கருவியுடன் ஜியோகேஷிங்: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு பெட்டியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் மகளையும் அழைத்துப் போயிருந்தேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வேரிடுக்குகளை எல்லாம் தடவிப் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் வெறுங்கையோடு வீடு திரும்பினோம். பெட்டி அந்த மரத்திலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது என்பது அன்று இரவுதான் தெரிந்தது. கருவியில் ஒரே ஒரு அமைப்பு தவறாக இருந்தது. அதை மாற்ற எனக்கு ஆன நேரம் ஒரு நிமிடம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் காட்டிலோ பூங்காவிலோ தோற்பதில்லை, வீட்டு மேசையிலேயே தோற்றுவிடுகிறார்கள். கருவி வாங்குவது, அமைப்பது, எந்தப் பெட்டியை முதலில் தேடுவது என்ற மூன்றையும் சரியாகச் செய்தால் முதல் நாளே ஒன்றாவது கிடைத்துவிடும். நான் இழந்த மூன்று வாரங்களை நீங்கள் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜியோகேஷிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை வெளியில் மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு அதைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். அந்தப் பெட்டிக்குத்தான் கேஷ் என்று பெயர். இந்தக் கட்டுரை முழுவதும் பெட்டி என்றே சொல்கிறேன்.

1. கணக்கைத் தொடங்குங்கள், சந்தா கட்டாதீர்கள்

ஜியோகேஷிங் டாட் காம் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று போதும். மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறு ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஐந்து நிமிட வேலை.

பயனர் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் சற்று யோசியுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைத்தான் எழுதப் போகிறீர்கள். பல தாள்கள் கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. ஆகவே சின்னப் பெயராக, உங்கள் உண்மையான பெயரோ வீட்டு எண்ணோ வெளிப்படாததாக இருக்கட்டும்.

பிரீமியம் உறுப்பினராகச் சேர ஆண்டுக்குச் சுமார் 40 அமெரிக்க டாலர் ஆகும். மாதா மாதம் கட்டினால் கூட்டுத்தொகை அதைவிட நிறையவே கூடும். அதனால் சேர்வதென்றால் ஆண்டுக் கணக்கில் சேருங்கள். ஆனால் பத்துப் பெட்டிகளைக் கண்டுபிடித்த பிறகு சேருங்கள். பிரீமியத்தால் கிடைக்கும் முக்கிய வசதி, ஒரே கோப்பில் 1000 பெட்டிகள் வரை இறக்கிக் கருவியில் ஏற்றலாம் என்பது. முதல் மாதத்தில் அதற்குத் தேவையே வராது.

2. கருவி வாங்குதல்

முதலில் ஒரு கேள்வி: கைப்பேசி போதாதா? முதல் இரண்டு மூன்று பெட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். அதிகாரப்பூர்வச் செயலி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற இலவசச் செயலியும் உண்டு. பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கைப்பேசியிலேயே தொடங்குங்கள். ஆனால் நம் ஊர் வெயிலில் கைப்பேசித் திரை கண்ணுக்குத் தெரியாது. திடீர் மழையில் ஈர விரலுக்குத் திரை கேட்காது. பாறையில் விழுந்தால் செலவு. மூன்று மணி நேரத்தில் பேட்டரி பாதியாகிவிடும், அப்புறம் வீட்டுக்கு அழைக்கவும் அதுதான் வேண்டும். கையடக்கக் கருவி இந்த நான்குக்கும் விடை. பொத்தான்களால் இயங்கும், வெயிலில் திரை இன்னும் தெளிவாகத் தெரியும், கடைகளில் கிடைக்கும் டபுள் ஏ பேட்டரி இரண்டு போட்டால் போதும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் வரிசை. அதில் மூன்றைப் பார்க்கலாம். இங்கே தருவது அவை வெளிவந்தபோது இருந்த அமெரிக்கப் பட்டியல் விலை.

இட்ரெக்ஸ் எஸ்இ, 149.99 டாலர். கறுப்பு வெள்ளைத் திரை. பேட்டரி 168 மணி நேரம் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். மின்னணுத் திசைகாட்டி உண்டு. புளூடூத் மூலம் கைப்பேசியோடு இணையும்.

இட்ரெக்ஸ் 22எக்ஸ், 199.99 டாலர். வண்ணத் திரை, வரைபடம் ஏற்றலாம், பேட்டரி 25 மணி நேரம் வரை. ஆனால் மின்னணுத் திசைகாட்டி கிடையாது, கம்பியில்லா இணைப்பும் கிடையாது.

இட்ரெக்ஸ் 32எக்ஸ், 299.99 டாலர். 22எக்ஸில் இல்லாத திசைகாட்டியும், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் வசதியும் இதில் உண்டு.

திசைகாட்டி இருப்பதும் இல்லாததும் பெரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். அது இல்லாத கருவி, நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அம்புக்குறியைச் சரியாகக் காட்டும். நின்றுவிட்டால் அம்பு தன் போக்கில் சுற்றும். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போதுதான் அம்பு மிகவும் தேவை. இது தெரியாமல் கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். 22எக்ஸ் வாங்கினால் குறை ஒன்றுமில்லை, நடந்துகொண்டே அம்பைப் பார்க்கும் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு அனுப்பும் செலவும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகு உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிடுங்கள். உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும் என்பதையும் கேளுங்கள். ரசீதைப் படமெடுத்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதத்துக்கும் தேவை, பயணத்தின்போதும் தேவைப்படும்.

பழைய கருவி வாங்குவதானால் பணம் கொடுக்கும் முன் திறந்த வெளியில் சந்தியுங்கள். கடைத்தொகுதிக்குள் சந்தித்தால் சமிக்ஞை கிடைக்கிறதா என்று சோதிக்கவே முடியாது. நான் அப்படித்தான் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் வைத்து வாங்கினேன், விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டு. பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான்களின் ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே போகும். கருவி காட்டும் தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ் அமைப்பின் வார எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் அது நடந்தது. அதற்குப் பிறகு மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். இடத்தைச் சரியாகக் காட்டினாலும் பதிவுகளின் தேதியெல்லாம் குழம்பும்.

3. முதல் நாள் மாலை செய்ய வேண்டிய அமைப்புகள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில், கருவியை வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வைத்து இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பக்கத்துத் திடல் நல்ல இடம், அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளம் வேண்டாம். எல்லாச் செயற்கைக்கோள்களின் பாதைக் குறிப்புகளையும் கருவி ஒருமுறை முழுதாக இறக்கிக்கொள்ள பன்னிரண்டரை நிமிடம் ஆகும். நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்த கருவியும் வேறு கண்டத்திலிருந்து வந்த கருவியும் இதைச் செய்யாமல் தடுமாறும்.

அடுத்தது, என்னை மூன்று வாரம் அலைய வைத்த அமைப்பு. கருவியின் அமைப்புகள் பட்டியலில் 'பொசிஷன் ஃபார்மட்' என்று ஒன்று இருக்கும். அது பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற வடிவில் இருக்க வேண்டும். ஜியோகேஷிங் எண்கள் எல்லாம் இந்த வடிவில்தான் வெளியாகின்றன. உதாரணத்துக்கு இப்படி: வடக்கு 01° 17.500, கிழக்கு 103° 50.250. இது நான் இட்ட எண், அங்கே பெட்டி எதுவும் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

என் கருவி பாகை, நிமிடம், வினாடி என்ற வடிவில் இருந்தது. நான் 17.500 என்பதை 17 நிமிடம் 50.0 வினாடி என்று அடித்தேன். இலக்கங்கள் அப்படியே பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை. ஆனால் 17.500 நிமிடம் என்பது 17 நிமிடம் 30 வினாடி. இருபது வினாடி வித்தியாசம். தரையில் அது வடக்கே சுமார் 615 மீட்டர். கிழக்கு எண்ணிலும் இதே தவறைச் செய்தால், மேலே சொன்ன உதாரணத்தில் இன்னும் 310 மீட்டர். இரண்டும் சேர்ந்து நேர்கோட்டில் கிட்டத்தட்ட 690 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால், அதாவது 0.001 நிமிடம், தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டர். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் வடக்குத் தெற்குக்கும் கிழக்கு மேற்குக்கும் இங்கே ஏறக்குறைய ஒரே அளவுதான். கடைசி இலக்கத்தில் இரண்டு மூன்று மாறினால் பரவாயில்லை. முதல் தசம இலக்கம் மாறினால் 185 மீட்டர் போய்விடும்.

'மேப் டேட்டம்' என்பது, எண்களைப் பூமியின் எந்த மாதிரி வடிவத்தைக் கொண்டு கணக்கிடுவது என்ற அமைப்பு. அது டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். பழைய கருவியில் முந்தைய உரிமையாளர் தன் ஊர் வரைபடத்துக்காக வேறொன்றை வைத்திருக்கலாம். அப்படி விட்டுவிட்டால் நூறு மீட்டர் அளவுக்குக்கூட இடம் மாறும், அது ஏன் என்று கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அமெரிக்காவிலிருந்து வந்த கருவியென்றால், எண்ணை அடிக்கும்போது தீர்க்கரேகையின் முன்னெழுத்து மேற்கிலிருந்து கிழக்குக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தூரத்தை மீட்டருக்கு மாற்றுங்கள். எந்த வகை பேட்டரி போட்டிருக்கிறீர்கள் என்பதையும் கருவிக்குச் சொல்லுங்கள். ரீசார்ஜ் பேட்டரியைப் போட்டுவிட்டு ஆல்கலைன் என்று விட்டால் பேட்டரி அளவு தவறாகக் காட்டும். ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். உயர்ந்த புளோக்குகளுக்கு நடுவே கூடுதல் செயற்கைக்கோள்கள் உதவும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. கைப்பேசி வரைபடத்தில் உங்கள் வீட்டுப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தை அழுத்திப் பிடித்தால் 1.29167, 103.83750 என்பதுபோல் எண் வரும். இது வெறும் பாகை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்குங்கள். 0.29167 × 60 = 17.500. 0.83750 × 60 = 50.250. அந்த எண்ணைக் கருவியில் அடித்து, நடந்து போய்ப் பாருங்கள். நிறுத்தத்துக்குப் பத்து மீட்டருக்குள் கருவி கொண்டுபோய் விட்டால் எல்லாம் சரி. இந்தச் சோதனை முடியாமல் வெளியே கிளம்பவே வேண்டாம்.

4. முதல் பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஜிசி என்று தொடங்கும் குறியீடு ஒன்று உண்டு. அதோடு இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். ஒன்று தேடுவது எவ்வளவு கடினம் என்பது, மற்றது தரை எவ்வளவு கடினம் என்பது. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். தரை 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். தரை 5 என்றால் படகு, கயிறு போன்ற தனி உபகரணம் வேண்டும். முதல் ஐந்து பெட்டிகளுக்கு இரண்டும் 1.5க்கு மேல் போக வேண்டாம்.

வகையில் 'ட்ரெடிஷனல்' என்பதை மட்டும் எடுங்கள். அதில்தான் வெளியிட்ட எண்ணிலேயே பெட்டி இருக்கும். 'மிஸ்டரி' வகையில் வரைபடத்தில் தெரியும் புள்ளி பெரும்பாலும் பொய்ப்புள்ளி. புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். இது தெரியாமல் அந்தப் புள்ளிக்கே போய்த் தேடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

அளவையும் பாருங்கள். மைக்ரோ என்பது 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. அதிலும் நானோ என்று பென்சில் நுனி ரப்பர் அளவில் காந்தம் வைத்த குப்பிகள் உண்டு. ஸ்மால் ஒரு லிட்டர் வரை, ரெகுலர் 20 லிட்டர் வரை. நகர்ப்புறத்தில் மைக்ரோக்களே அதிகம் கண்ணில் படும், ஆனால் புதியவர்களை மனமொடியச் செய்வதும் அவைதான். ஸ்மால் அல்லது ரெகுலராகத் தேடி எடுங்கள், பிள்ளைகளோடு போனால் கட்டாயம்.

அப்புறம் பெட்டியின் பக்கத்தில் தேடியவர்கள் எழுதிய கடைசி ஐந்து பதிவுகளைப் படியுங்கள். போன மாதம் யாராவது கண்டுபிடித்திருந்தால் பெட்டி இருக்கிறது. தொடர்ந்து மூன்று பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பெட்டியே காணாமல் போயிருக்கலாம். அதை விட்டுவிடுங்கள். குறிப்பும் இருக்கும். ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் நகர்த்தி மறைத்து வைத்திருப்பார்கள், ஒரு தட்டலில் விடுபடும். முதல் பெட்டிகளுக்குக் குறிப்பை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவதில் தவறே இல்லை.

5. எண்ணைக் கருவியில் ஏற்றுதல்

இலவசக் கணக்கில் கையால் அடிப்பதே நேர் வழி. இட்ரெக்ஸில் 'மார்க் வேபாயிண்ட்' (இடத்தைக் குறித்து வைக்கும் பக்கம்) போய், இடத்தை மாற்றி, ஜிசி குறியீட்டையே பெயராக வைத்து, 'டன்' அழுத்துங்கள். இடத்தை மாற்றாமல் அழுத்திவிட்டால் உங்கள் வீட்டு வரவேற்பறைதான் பதிவாகும். அடித்த பின் தூரத்தைப் பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பெட்டி 4000 கிலோமீட்டர் என்று காட்டினால் எங்கோ இலக்கம் பிழை.

பிரீமியம் இருந்தால் பெட்டிகளின் விவரம் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை இறக்கி, சுருக்கக் கோப்பாக வந்தால் விரித்து, கருவியைக் கணினியில் இணைத்து, கார்மின் கோப்புறைக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புறையில் போடுங்கள். 22எக்ஸுக்கு மினி யுஎஸ்பி கம்பி வேண்டும். மைக்ரோவும் சி வகையும் பொருந்தாது. வீட்டில் கிடக்கும் பழைய கம்பிகளில் சில மின்சாரத்தை மட்டும் கடத்தும், தரவைக் கடத்தாது. கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

6. பையில் இருக்க வேண்டியவை

பேனா. இதை மறந்து கண்டுபிடித்த பெட்டியில் பெயரெழுத முடியாமல் திரும்பியவர்கள் நிறையப் பேர். பந்துமுனைப் பேனா ஒன்றும் பென்சில் ஒன்றும் எடுங்கள், ஈரத்தாளில் பென்சில்தான் எழுதும். மாற்று பேட்டரி இரண்டு. நானோவிலிருந்து சுருட்டிய தாளை எடுக்க ஒரு சிறு இடுக்கி. தண்ணீர், கொசுத் தைலம், சிறு டார்ச், தோட்டக் கையுறை. மொத்தம் இருபது சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

பெட்டியில் இருக்கும் விளையாட்டுப் பொருளைப் பிள்ளைகள் எடுக்க ஆசைப்படுவார்கள். எடுக்கலாம், ஆனால் அதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். கோலிக்குண்டு, சிறு பொம்மை, சாவிக்கொத்து போன்றவை நல்லவை. மிட்டாய் கூடவே கூடாது. எறும்பும் குரங்கும் வந்து பெட்டியை நாசமாக்கிவிடும்.

7. எப்போது போவது

காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை. வெயிலும் குறைவு, ஆள் நடமாட்டமும் குறைவு. பிற்பகலில் இடிமழை இங்கே வழக்கமானது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மின்னல் அதிகம். மின்னல் எச்சரிக்கை இருக்கும்போது மரத்தடியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேல்வளிமண்டலம் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் கலைப்பதும் உண்டு. அந்நேரத்தில் கருவியின் எண் வழக்கத்தைவிட அதிகமாக ஆடலாம்.

புலாவ் உபின் தீவுக்குப் போவதென்றால் அரை நாள் ஒதுக்குங்கள். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பம்போட் என்ற சிறு படகு புறப்படும், ஒரு வழிக்கு 4 வெள்ளி. வார நாளில் ஆள் சேரக் காத்திருக்க வேண்டியிருக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

8. இடத்துக்குப் போன பிறகு

திறந்த வெளியில் கையடக்கக் கருவியின் துல்லியம் 3 முதல் 5 மீட்டர். மரக்கூரையின் கீழ் அது 10 மீட்டராகலாம். மறைத்தவரின் கருவிக்கும் அதே அளவு பிழை இருந்திருக்கும். ஆகவே கருவி பூஜ்யம் காட்டும் இடத்தில்தான் பெட்டி இருக்கும் என்று நினைத்து அங்கேயே தோண்டித் துருவாதீர்கள். பத்து மீட்டர் வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம்.

எனக்குக் கைகொடுக்கும் முறை இது. பத்து மீட்டர் என்று காட்டியதும் நின்று, கருவியை இரண்டு நிமிடம் அசையாமல் பிடித்திருப்பேன். எண் நிலைப்படும். பிறகு இருபது மீட்டர் விலகிப் போய், வேறொரு திசையிலிருந்து திரும்ப வருவேன். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்வேன். மூன்று திசைகளிலிருந்து இப்படி வந்தால் மூன்று கோடுகளும் ஓரிடத்தில் வெட்டும். அதற்குப் பிறகு கருவியைப் பையில் போட்டுவிடுவேன். இனி கண்ணால் தேட வேண்டிய நேரம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகள் அருகே இந்த முறையும் ஏமாற்றும். சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் நீங்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருப்பதாகக்கூடக் கருவி காட்டும். அங்கே குறிப்பையும் படங்களையும்தான் நம்ப வேண்டும்.

எங்கே பார்ப்பது? உங்களிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து மறைக்கச் சொன்னால் எங்கே வைப்பீர்கள் என்று யோசியுங்கள். வேரிடுக்கு, கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கம், பெஞ்சின் கீழ், பலகையின் பின்புறம். இயல்பாக விழாத மாதிரி அடுக்கிய கற்களோ குச்சிகளோ தென்பட்டால் அங்கே பாருங்கள். கையைப் பொந்துக்குள் நேராக விடாதீர்கள். முதலில் டார்ச் அடியுங்கள், குச்சியால் தட்டுங்கள். பாம்பைவிட முசுறு எறும்புகள்தான் உங்களை அதிகம் கடிக்கும். செடியை ஒடிக்கவோ மண்ணைத் தோண்டவோ தேவையே இல்லை. பெட்டியைப் பொதுவாகப் புதைத்து வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி.

அரை மணி நேரம் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையா, தளத்தில் 'கிடைக்கவில்லை' என்று பதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்படிப் பதிவிட யாரும் தயங்க வேண்டாம். பெட்டி தொலைந்திருந்தால் உரிமையாளருக்கு அந்தப் பதிவால்தான் தெரிய வரும்.

பக்கத்தில் ஆட்கள் இருந்தால் அவர்கள் போகும்வரை காத்திருங்கள். நீங்கள் எடுப்பதைப் பார்த்தவர் பிறகு வந்து பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம். பாதுகாவலரோ காவலரோ கேட்டால் மழுப்ப வேண்டாம். கருவியைக் காட்டி, செயலியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, என்ன செய்கிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். போகச் சொன்னால் போய்விடுங்கள்.

கிடைத்ததும் தாளில் தேதியும் பயனர் பெயரும் எழுதி, தாளை உலர்வாக மடித்து, மூடியை அழுத்தி மூடி, எப்படி இருந்ததோ அப்படியே வையுங்கள். இன்னும் நல்ல இடம் என்று நினைத்து மாற்றி வைக்காதீர்கள். உள்ளே எண் பொறித்த உலோக வில்லை இருந்தால் அது ஊர் ஊராகப் பயணம் செய்ய விடப்பட்டது. வேறொரு பெட்டியில் வைக்க முடியும் என்றால் மட்டும் எடுங்கள். வீடு திரும்பியதும் தளத்தில் பதிவிடுங்கள். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் படத்தைப் போடாதீர்கள்.

9. போகக் கூடாத இடங்கள்

கருவி நேர்கோட்டைத்தான் காட்டும். அந்தக் கோடு எதற்குள் புகுந்து போகிறது என்று அதற்குத் தெரியாது. மெக்ரிட்சி, புக்கிட் தீமா போன்ற இயற்கைப் பகுதிகளில் வகுத்த பாதையை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் அபராதம். பெட்டி 80 மீட்டர் என்று காட்டினாலும் பாதையிலேயே சுற்றிப் போங்கள், பெரும்பாலும் பாதையே பக்கத்தில் கொண்டுபோய் விடும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனால் குரங்குகள் உணவென்று நினைத்துப் பறிக்க வரும்.

ராணுவப் பயிற்சிப் பகுதிகளின் எல்லையில் நான்கு மொழிகளில் எச்சரிக்கைப் பலகை இருக்கும், தமிழிலும் இருக்கும். அதைத் தாண்டி ஓரடி வைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பலகைக்கும் இதே விதி.

ரயில் நிலையம், பேருந்து முனையம் போன்ற இடங்களில் பையைக் கீழே வைத்துவிட்டுத் தேடப் போகாதீர்கள். 2017 ஏப்ரலில் ஹவ்காங் எம்ஆர்டி நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையால் நிலையமே மூடப்பட்டது. பையை விட்டுச் சென்றவர் கைது செய்யப்பட்டார்.

10. இந்தியாவுக்குக் கருவியைக் கொண்டுபோவதானால்

நம்மில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியையும் எடுத்துப் போக நினைப்போம். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. சமிக்ஞையைப் பெற மட்டும் செய்யும் ஜிபிஎஸ் கருவி வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கார்மின் ஜிபிஎஸ்மேப் 67 முதல் வகை. அதே உருவத்தில் வரும் ஜிபிஎஸ்மேப் 67i இரண்டாம் வகை, இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். கார்மினில் இன்ரீச் என்ற பெயர் தாங்கிய எல்லாமே இரண்டாம் வகைதான். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். சந்தாவை நிறுத்திவிட்டேன், அணைத்து வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் பதிலாகாது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பெறும் வகைக் கருவியைக் கொண்டுபோனால் ரசீதும், மாதிரியின் விவரங்கள் அச்சடித்த ஒரு தாளும் பையில் இருக்கட்டும். கேட்டால் காட்டலாம். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பயணப்பெட்டியில் வைக்கக் கூடாது.

11. சொந்தமாக ஒரு பெட்டி மறைப்பதற்கு

குறைந்தது இருபது பெட்டிகளைக் கண்டுபிடித்த பிறகு மறைக்கத் தொடங்குங்கள் என்று தளமே பரிந்துரைக்கிறது. எது நல்ல மறைவிடம், எந்தப் பெட்டி மழையில் தாங்காது என்பதெல்லாம் அதற்குள் கைவந்துவிடும்.

முதல் வேலை அனுமதி. பூங்காவென்றால் தேசியப் பூங்காக் கழகம், கொண்டோமினியம் என்றால் அதன் நிர்வாகம். எழுத்தில் கேளுங்கள். வரைபடத்தில் குறித்த இடம், அந்த இடத்தின் படம், பெட்டியின் படம், உங்கள் தொடர்பு எண், எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பீர்கள் என்ற உறுதி ஆகிய ஐந்தையும் முதல் கடிதத்திலேயே சேருங்கள். நான் படங்களைச் சேர்க்காமல் அனுப்பியதால் கேள்வியும் பதிலுமாக ஐந்து வாரம் ஓடிவிட்டது.

வேறொரு பெட்டி 161 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. பள்ளி, ரயில் பாதை, ராணுவ இடம் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டாம். நான்கு பக்கமும் பூட்டும் ரப்பர் விளிம்பு வைத்த உணவு டப்பா இங்குள்ள ஈரப்பதத்துக்கு ஏற்றது, சில வெள்ளிகளில் கிடைக்கும். வெளியே தெளிவாக இது ஜியோகேஷிங் பெட்டி என்று எழுதி ஒட்டுங்கள். உள்ளே தாளைத் தனியாக ஒரு ஜிப் பையில் வையுங்கள்.

எண் எடுப்பதில் அவசரம் வேண்டாம். கருவியில் 'வேபாயிண்ட் ஆவரேஜிங்' என்ற வசதி இருக்கும். ஒரே இடத்தைப் பல முறை அளந்து சராசரி எடுக்கும். குறைந்தது நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரமாவது விட்டு அளந்தால் நல்லது. உங்கள் எண் பத்து மீட்டர் தவறினால் வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பத்து மீட்டரையும் சேர்த்து அலைவார்கள்.

விடுமுறைக்குப் போன ஊரில் மறைத்துவிட்டு வரலாமே என்று தோன்றும். எனக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒன்று வைக்க ஆசை இருந்தது. பக்கத்தில் இருந்து பராமரிக்க முடியாத பெட்டியைத் தளம் பொதுவாக ஏற்காது. அங்கேயே வசிக்கும் ஒருவர் பொறுப்பேற்றால்தான் வாய்ப்பு.

எல்லாம் தயாரானதும் தளத்தில் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். கட்டணம் இல்லை. தன்னார்வ மதிப்பீட்டாளர் ஒருவர் ஏழு நாளுக்குள் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் கேட்பார். அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். என்னிடம் இரண்டு கேள்விகள் வந்தன, இரண்டுக்கும் அன்றே பதில் அனுப்பினேன். வியாழன் மாலை என் பெட்டி வெளியானது. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். தாளின் முதல் வரியில் ஒரு பெயரும், 6.40 என்ற நேரமும் எழுதியிருந்தது.